மலிவு ஏர் ரைபிளில் குறி சேர்ப்பது எப்படி: பட்டறைக்கு வந்த கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஏர் ரைபிள் சுடுவது பொழுதுபோக்கு. போட்டிக்குப் போகிறவன் இல்லை. பட்டறை மூலையில் ரைபிள் பையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான், பதில்களும் அதேதான். வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இங்கே நான் பேசுவது பேரலை, அதாவது குழலை, மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும், .177 அங்குல அளவுள்ள, பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே விற்கிற இந்திய ரைபிளைப் பற்றி. 2008இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது போன்ற போட்டித் துப்பாக்கி வேறு ஜாதி. அதன் விலையும் வேறு, அதில் உதைப்பே கிட்டத்தட்ட இல்லை.

அண்ணா, இதுக்கு லைசன்ஸ் வேணுங்களா?

2016 ஆயுத விதிகளின்படி பேரல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177க்கு மிகாமலும், வெளிவரும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசன்ஸ் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் வேண்டும். .22 ஏர் ரைபிள் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் துளை பெரிது என்பதால் லைசன்ஸ் கணக்கில் வந்துவிடும். கடையில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வெளியே எடுத்துப் போகும்போது பைக்குள் வைத்து, பில் நகலையும் கூடவே வையுங்கள்.

ஏற்காட்டுல எஸ்டேட் இருக்குங்க. புறா, முயல், கொக்கு அடிக்கலாம்ல?

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. துப்பாக்கி லைசன்ஸ் இல்லாதது என்பதோ, எஸ்டேட் உங்கள் பெயரில் இருப்பதோ அதை மாற்றாது. மயில் பயிரைத் தின்கிறது, குரங்கு வீட்டுக்குள் வருகிறது என்று சொல்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரியும். அதற்கும் இது வழியல்ல. வனத்துறையிடம் சொல்லுங்கள்.

முன்பு காக்கையும் எலியும் தனிப் பட்டியலில் தீங்குயிர்களாக இருந்தன. "அதையாவது சுடலாமே" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. இந்தப் பக்கத்தில் சுடுவது என்றால் காகிதத்தை, டப்பாவை, சோடா மூடியைச் சுடுவது. அதில் குறி தேடுகிறவர்களுக்குத்தான் மீதி.

எவ்வளவு சேர்ந்து விழுந்தா நல்ல துப்பாக்கின்னு சொல்லலாம்?

பத்து மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்தில் விழுந்தால் துப்பாக்கியும் நீங்களும் சுமாராக இருக்கிறீர்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் வந்தால் நன்றாகவே இருக்கிறீர்கள். அளக்கும்போது இரண்டு தூர ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, அதில் 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள்.

மூன்று குண்டு சுட்டு, நன்றாக விழுந்த ஒன்றை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. மூன்று குண்டு தற்செயலாகச் சேர்ந்து விழும். ஐந்து ஐந்தாக மூன்று தடவை சுடுங்கள், மோசமானதையும் எண்ணுங்கள். இன்னொரு விஷயம்: குண்டுகள் நடுப்புள்ளியில் விழவேண்டும் என்று இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். ஒரே இடத்தில் விழுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மூலையில் சேர்ந்து விழும் கொத்தை நடுவுக்கு இழுப்பது இரண்டு நிமிட வேலை. சிதறுவதைச் சேர்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

புதுசா வாங்கினதுங்க, அஞ்சு குண்டும் அஞ்சு பக்கம் போகுது. துப்பாக்கியே மோசமா?

பட்டறைக்கு இப்படி வந்த துப்பாக்கிகளில் பேரலே மோசம் என்று நான் திருப்பி அனுப்பியது மிகக் குறைவு. முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். மரக்கட்டையையும் இரும்பையும் பிணைக்கிற திருகுகள், முன்கட்டையில் இரண்டு பக்கமும், ட்ரிகர் கூட்டுக்கு அருகிலும் இருக்கும். ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் உதறுவதால் இவை தானாகவே கழன்றுகொண்டே வரும். கால் சுற்று தளர்ந்தாலே கொத்து இரண்டு மடங்காகும். என் முதல் துப்பாக்கியைக் குப்பை என்று ஒரு மாதம் திட்டினேன். கடைசியில் பார்த்தால் முன்கட்டைத் திருகு ஒன்று கையாலேயே சுற்றும் நிலையில் இருந்தது.

திருகைக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, நீல நிற த்ரெட் லாக் ஒரு சொட்டு வைத்து முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், அப்புறம் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். அவசரத்துக்கு வீட்டில் இருக்கும் நகச்சாயம்கூடப் போதும். பலம் கொண்ட மட்டும் திருகி மரத்தை நசுக்காதீர்கள். நூறு குண்டுக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது பேரல் மடங்குகிற மூட்டு. துப்பாக்கியில் ஸ்பிரிங் ஏற்றாமல், பேரலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளியும் ஆடக்கூடாது. ஆடினால் மூட்டு போல்ட்டை முடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெல்லட் என்கிற ஈயக் குண்டு, பிடி, மற்றதெல்லாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் திருகையும் பெல்லட்டையும், குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் மாற்றிவிட்டு எது சரிசெய்தது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தேதி போட்டு எழுதுங்கள்.

சுட்டா வாயில புகை வருது, படார்னு சத்தம். பவர் ஜாஸ்தின்னு கடைக்காரர் சொன்னாருங்க.

பவர் இல்லை, எண்ணெய் எரிகிறது. ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை நொடிக்கும் குறைவான நேரத்தில் நெருக்கும்போது காற்று கடுமையாகச் சூடாகும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் அந்தச் சிலிண்டரில் இருந்தால் டீசல் இன்ஜின் போலப் பற்றிக்கொள்ளும். ஒரு குண்டுக்கு அதிகம் எரியும், அடுத்ததற்குக் குறைவாக. வேகம் மாறினால் குண்டு விழும் உயரமும் மாறும்.

புதுத் துப்பாக்கியில் முதல் நூறு, இருநூறு குண்டுவரை இது இருக்கலாம். அதுவரை குறியைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பேரலை மட்டும் முதலிலேயே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், உள்ளே துருத் தடுப்புக் கிரீஸ் இருக்கும். அதற்கப்புறமும் படார் சத்தம் நிற்காவிட்டால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நீங்கள்தான். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டா ஸ்மூத்தா இருக்கும்னு சொல்றாங்களே?

தலைக்கு விடுங்கள். துப்பாக்கியின் காற்று ஓட்டைக்குள் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், வண்டி ஆயில், தெளிப்பான் எதுவும் போகக்கூடாது. மேலே சொன்ன எரிச்சல் மறுபடி தொடங்கும். சீல் கருகும், ஸ்பிரிங்கும் அடிபடும். தேங்காய் எண்ணெயில் இன்னொரு தொல்லை, மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் அது உறைந்து பிசினாகிவிடும்.

எண்ணெய் வேண்டிய இடங்கள் உண்டு. பேரல் மூட்டு, ஏற்றுகிற கம்பியின் இணைப்புகள் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கிரீஸ். வெளி இரும்புக்கு மெல்லிய எண்ணெய்த் துணி, குறிப்பாக வியர்வைக் கை பட்ட இடங்களில். அவ்வளவுதான்.

எந்த பெல்லட் வாங்கறதுங்க? பத்து வகை வெச்சிருக்காங்க.

செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். துப்பாக்கி மலிவாக இருக்கலாம், பெல்லட் மலிவாக இருந்தால் குறி வராது. தட்டைத் தலை, உருண்டைத் தலை, கூர்த்தலை, குழித்தலை என்று நான்கு வகை பெரும்பாலும் கிடைக்கும். பத்து மீட்டரில் காகிதத்துக்குத் தட்டைத் தலை போதும், ஓட்டை சுத்தமாக வெட்டுப்படும், அளக்க வசதி. அதைத் தாண்டினால் உருண்டைத் தலை. கூர்த்தலை பார்க்கத்தான் அழகு. நுனி கொஞ்சம் கோணினாலும் திசை மாறும், மலிவு டப்பாவில் நுனி கோணாமல் வருவது அபூர்வம்.

ஜெர்மனியின் எச் அண்ட் என், செக் நாட்டின் ஜேஎஸ்பி ஆகியவற்றை ஒரு டப்பா வீதம் வாங்கி, கூடவே ஒரு நல்ல இந்திய டப்பாவையும் வைத்துச் சோதியுங்கள். ஒரே .177 என்றாலும் தலையின் விட்டம் 4.50, 4.51, 4.52 என்று மாறும். உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்பதை உங்கள் பேரலிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் வேறு டப்பாவை விரும்பலாம். வகை மாற்றினால் முதல் பத்து குண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேரலில் பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் படிய அவ்வளவு வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், அடியோடு விடுங்கள்.

பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்கணுமாமே?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் மில்லிகிராம் தராசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடை போட்டேன். நல்ல டப்பாவில் எல்லாம் 0.53 கிராமை ஒட்டியே வந்தது, பிரித்ததில் பத்து மீட்டரில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மலிவு டப்பாவில் எடை கண்டபடி ஓடியது. பிரித்த பிறகு கொத்து கொஞ்சம் சுருங்கியது, ஆனால் பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்குக்கு நல்ல டப்பாவே மலிவு.

எடையைவிடச் சுலபமான சோதனை: பெல்லட்டின் பின்பக்கப் பாவாடை விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து உருட்டிவிட்டால் நல்லவை எல்லாம் ஒரே வளைவில் ஓடும். நசுங்கியது தனி வழியில் போகும், இல்லை தத்தித் தத்திப் போகும். அதைத் தனியாக வைத்து டப்பா சுடப் பயன்படுத்துங்கள்.

மேசை மேல கெட்டியா வெச்சு, தோள்ல அழுத்திப் பிடிச்சு சுட்டாலும் சிதறுதே, ஏன்?

கெட்டியாகப் பிடிப்பதால்தான். இது ஒன்று புரிந்தால் மீதியில் பாதி தேவையில்லை.

ட்ரிகரை அழுத்தியதும் குண்டு கிளம்பிவிடுவதில்லை. முதலில் ஸ்பிரிங் விடுபட்டு, கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கிற இடத்தில் துப்பாக்கி முன்னால் இழுபடுகிறது. இத்தனை அசைவும் நடக்கிறபோது குண்டு இன்னும் பேரலுக்குள் இருக்கிறது. ஆகவே துப்பாக்கி அசைவதை நீங்கள் தடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைய விடத்தான் முடியும். இறுக்கிப் பிடித்தால் இன்றைய இறுக்கம் வேறு, நாளைய இறுக்கம் வேறு, ஐந்தாவது குண்டில் கை சோர்ந்த இறுக்கம் வேறு. தளர்வாக விட்டால் தளர்வு எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முன்கட்டையைத் தாங்குகிற கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா படுத்திருக்கட்டும், விரல்கள் மேலே மூட வேண்டாம். எந்த இடத்தில் வைத்தால் சமநிலையில் நிற்கிறதோ, அங்கிருந்து ஆரம்பித்து, ஒரு விரல் அகலம் முன்னும் பின்னும் வைத்துச் சுட்டுப் பாருங்கள். நல்ல இடம் கிடைத்ததும் கட்டையில் பென்சிலால் கோடு போடுங்கள். பின்கட்டை தோளைத் தொட்டால் போதும். கன்னம் லேசாகப் படட்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில். சுட்டபின் இரண்டு நொடி தலையைத் தூக்காதீர்கள்.

மேசையில் சுட்டால் மரத்தின் மேலோ பலகையின் மேலோ நேராக வைக்காதீர்கள், குதிக்கும். மெத்தென்ற பை வேண்டும், பையின் மேல் உங்கள் கை, கையின் மேல் துப்பாக்கி. மணல் பை இறுகிக் கல்லாகிவிடுகிறது. நான் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து ஜவ்வரிசி நிரப்பியிருக்கிறேன், நம்ம ஊரில் அதற்கா பஞ்சம். அழுத்தினால் வடிவம் கொடுக்கும், அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஒரே குறை, எலி. தொங்கவிட்டு வையுங்கள்.

ட்ரிகர் கல்லு மாதிரி இருக்குங்க. லேத்துல குடுத்து ராவித் தர முடியுமா?

முடியும், ஆனால் தரமாட்டேன். ட்ரிகரின் உள்கொக்கியைத் தேய்த்தால் மென்மையாகத்தான் ஆகும். ஒருநாள் பேரலை மடக்கிக் குண்டு வைக்கும்போது கொக்கி தானாக விடுபட்டால் பேரல் விசையோடு மூடிக்கொண்டு விரலைக் கொண்டுபோகும். அதனால்தான் குண்டு வைக்கும்போது ஒரு கையால் பேரலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். இதில் மட்டும் தளர்வான பிடி வேண்டாம்.

உங்கள் மாடலில் வெளியிலிருந்தே திருப்புகிற சரிசெய்யும் திருகு இருந்தால் அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் பழகுங்கள். விரலின் நுனிச் சதையால் நேராகப் பின்னோக்கி மெதுவாக அழுத்துங்கள், எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் வெடிக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பழகுவதற்காகப் பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் போய் முட்டும்.

ஸ்கோப் போட்டா குறி கூடுமா?

குறியைக் கூட்டாது, பார்வையைக் கூட்டும். இருபது வயதுக் கண்ணுக்குப் பத்து மீட்டரில் திறந்த சைட்டே, அதாவது துப்பாக்கியிலேயே இருக்கும் குறிபார்க்கும் குச்சியும் பள்ளமுமே, போதும். நுனிக் குச்சியைத் தெளிவாகப் பாருங்கள், காகிதம் மங்கலாகத் தெரியட்டும். நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கு ஸ்கோப் உதவும்.

வாங்கினால் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்றே செய்ததை வாங்குங்கள். முன்னும் பின்னும் விழுகிற இரட்டை உதையில் சாதாரண ஸ்கோப்பின் உள்ளே இருப்பதெல்லாம் கழன்றுவிடும். முன் வளையத்தைத் திருப்பிப் பத்து மீட்டருக்குத் தெளிவு கொண்டுவர முடிய வேண்டும். நூறு கஜத்துக்குப் பொருத்திய ஸ்கோப்பில் பத்து மீட்டரில் தலை கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக் கோடும் காகிதத்தில் நகரும். ஒரு கணக்கு: ஸ்கோப்பின் குமிழைத் திருப்பும்போது வரும் ஒரு கிளிக், கோணக் கணக்கில் கால் நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒன்றுதான் நிமிடம்) என்றால், பத்து மீட்டரில் 0.7 மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தப் பதினான்கு கிளிக் வேண்டும். "நாலு கிளிக் திருப்பினேன், ஒண்ணுமே ஆகல" என்று சொல்கிறவர்களுக்காக இது.

மேல தூக்குற குமிழை முழுசாத் திருப்பியாச்சு, இன்னும் எட்டு சென்டிமீட்டர் கீழ அடிக்குது.

மடக்கும் பேரல் துப்பாக்கிகளில் பேரல் கொஞ்சம் தொங்கலாக நிற்பது சகஜம். திறந்த சைட் இரண்டும் பல மாடல்களில் பேரலின் மேலேயே இருப்பதால் தொங்கல் தெரியாது. ஸ்கோப் பின்னால் சிலிண்டர் மேல் உட்காருவதால் தெரிந்துவிடுகிறது. குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்தால் உள் ஸ்பிரிங் தளர்ந்து, குண்டு இஷ்டத்துக்கு அலையும்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் இரண்டு வளையங்களில், பின் வளையத்தின் அடிப்பாதியில், ஸ்கோப்புக்குக் கீழே, தகடு கொடுங்கள். குளிர்பான அலுமினிய டப்பாவின் பக்கத் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். இரண்டு வளையத்துக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் தூரம் என்றால் ஒரு தகடு பத்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தும். இரண்டு மூன்று தகடு வரை சரி. எட்டு சென்டிமீட்டருக்கு எட்டுத் தகடு வைத்து முடுக்கினால் ஸ்கோப் வளையும். அவ்வளவு தொங்கலுக்குச் சாய்வோடு செய்த மவுண்ட், அதாவது ஸ்கோப்பை மாட்டும் பிடி, கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

காலைல ஜீரோ பண்றேன், சாயங்காலம் மாறிடுது.

ஜீரோ என்றால் குறுக்குக் கோடும் குண்டு விழும் இடமும் ஒன்றாக வரும்படி ஸ்கோப்பைத் திருப்பி வைப்பது. அது மாறினால் ஸ்கோப் மவுண்ட் பின்னால் ஊர்ந்திருக்கும். மவுண்ட்டுக்குப் பின்னால் பென்சில் கோடு போட்டு இருபது குண்டு சுட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வந்திருந்தால், சிலிண்டர் மேலே உள்ள குழியில் மவுண்ட்டின் நிறுத்தும் ஊசி உட்கார வேண்டும், இல்லை தனி நிறுத்தும் கட்டை போட வேண்டும். ஊராவிட்டால் முன்னே சொன்ன கட்டைத் திருகுகள். அதுவும் சரியென்றால் உங்கள் கன்னம், உங்கள் கை. காலையில் ஆற அமரச் சுட்டிருப்பீர்கள், சாயங்காலம் யாராவது பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள்.

ஸ்ட்ராங் ஸ்பிரிங் போட்டா நேராப் போகும்ல?

போகாது. உதை கூடும், பிடி கெடும், கொத்து பெரிதாகும். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டரில் போனால் சுமார் 10.6 ஜூல். அதே குண்டு 275 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல். அதற்கு மேல் என்றால் முதல் கேள்வியில் சொன்ன லைசன்ஸ் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். ஒலியின் வேகத்தை, சுமார் 340 மீட்டரை, நெருங்க நெருங்க இடுப்பு சிறுத்த இந்தக் குண்டு நிலைதடுமாறும். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

உண்மையிலேயே பவர் குறைந்திருந்தால் பேரல் மூட்டில் காற்றுக் கசிகிறதா பாருங்கள். மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் அங்கே உள்ள வாஷர் போயிற்று, சில்லறைக் காசு வேலை. ஏற்றியபடியே ராத்திரி முழுக்க வைத்தாலும் ஸ்பிரிங் தளரும்.

பேரல் திறந்திருக்கறப்பவே பையன் ட்ரிகரை அழுத்திட்டான். அப்புறம் எல்லாம் மேல போகுது.

முதலில், பையனின் விரல் நன்றாக இருக்கிறதா? சரி. பேரல் விசையோடு மூடும்போது மேல்நோக்கி வளைந்திருக்கும், அதனால்தான் மேலே அடிக்கிறது. எஃகு அளவுகோலைப் பேரலின் மேல் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரியும். கட்டையின் கழுத்தில் விரிசலும் இருக்கலாம், தவறாமல் பாருங்கள். வளைவை நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள், முழங்காலில் வைத்து நீங்களே செய்யாதீர்கள்.

எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் சேரல.

பேரல் வாயைப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொடுகிற இடம் அது. அங்கே ஒரு பக்கம் பிசிர் இருந்தால் காற்று ஒரு பக்கமாகப் பீறிக் குண்டைத் தள்ளும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுங்கள், பஞ்சு மாட்டினால் பிசிர் இருக்கிறது.

உருண்டைத் தலைப் பித்தளைத் திருகு ஒன்றை எடுத்து, தலையில் வால்வு தேய்க்கிற நைஸ் பேஸ்ட் தடவி, கை டிரில்லில் மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டுக் கையை வட்டமாக அசைத்துக்கொண்டே வாயில் தேயுங்கள். அதற்கு முன் பேரலுக்குள் பஞ்சு அடைத்துவிடுங்கள், பேஸ்ட் உள்ளே போனால் குண்டைச் சுழற்றிவிடுகிற வரிகள் போச்சு. அரை நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள், சீரான பளபள வளையம் தெரிந்தால் நிறுத்திவிடலாம். லேத்தில் செய்தால் இன்னும் சுத்தம், ஆனால் திருகோடு வேலை செய்து நன்றாக வந்த துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன்.

சேலத்துல சரியா இருக்கு, ஏற்காட்டுல சுட்டா கீழ போகுது. உயரம் காரணமா?

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்று மெல்லியது, குளிரில் கிரீஸும் கொஞ்சம் இறுகும். ஆனால் இருபது மீட்டருக்குள் இதெல்லாம் கண்ணில் படுகிற அளவுக்கு இருக்காது. சரிவில் கீழ்நோக்கிச் சுடுவதும் காரணமில்லை, அது குண்டைக் கொஞ்சம் மேலேதான் காட்டும்.

நான் சந்தேகப்படுவது தூரத்தை. காப்பிச் செடி வரிசைகளுக்கு நடுவே, பள்ளத்தைப் பார்த்துத் தூரம் சொல்வது கஷ்டம், முப்பது மீட்டர் இருபது போலத் தெரியும். நொடிக்கு 200 மீட்டர் வேகத் துப்பாக்கியை, ஸ்கோப் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க, இருபது மீட்டரில் ஜீரோ செய்தால், பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு மீட்டர் வரை குண்டு கோட்டை ஒட்டியே போகும். முப்பதில் மூன்று சென்டிமீட்டர் கீழே. ஐந்து மீட்டரிலும் கீழேதான், இரண்டு சென்டிமீட்டர். கயிறு கட்டி அளந்து பாருங்கள். பனிமூட்டத்தில் சுட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததும் துப்பாக்கியைப் பையை விட்டு எடுத்துத் துடையுங்கள், இல்லாவிட்டால் இரண்டே நாளில் துரு.

மாசாமாசம் பேரலைக் கழுவணுங்களா?

வேண்டாம். கொத்து காரணமில்லாமல் பெரிதாகும்போது மட்டும், நைலான் நூலில் துணித்துண்டு கட்டிப் பின்னாலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். இரும்பு பிரஷ் கூடவே கூடாது.

மொட்டை மாடில சுடலாமா?

குண்டு தப்பினால் எங்கே போகும் என்பதற்குப் பதில் இருந்தால் சுடலாம். இது பொம்மை இல்லை, தடுக்காவிட்டால் சில நூறு மீட்டர் போகும். செங்கல் சுவரில் சுட்டால் திரும்பி வரும். மரப்பெட்டியில் பின்பக்கம் கனமான பலகை கொடுத்து, தறிப் பட்டறைக் கழிவு நூலை அழுத்தி அடைத்து, முன்னால் காகிதத்தை ஒட்டுங்கள். பெட்டிக்குப் பின்னாலும் சுவர் இருக்கட்டும். சுடுகிறவர் எல்லோருக்கும் கண்ணாடி, குழந்தைகள் பின்னால்.

எங்க தாத்தா லைசன்ஸ்ல .315 ரைபிள் வெச்சிருந்தார், அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

திருகு, பேரல் வாய், ஒரே ரகத் தோட்டா, ஒன்றொன்றாக மாற்றுவது, நோட்டு எல்லாம் பொருந்தும். தளர்வான பிடி பொருந்தாது, அதைத் தோளில் சரியாகப் பதிக்க வேண்டும். இரண்டு மூன்று சுட்டதும் பேரல் சூடாகும், ஆறவிட்டுத்தான் அடுத்தது. அந்தத் துப்பாக்கியை நான் தொட முடியாது, லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் போங்கள். தாத்தா இறந்துவிட்டார் என்றால் குறிக்கு முன்னால் காவல் நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போகிற வேலை இருக்கிறது.

ஆடித் திருவிழா பலூன் கடைத் துப்பாக்கில ஜெயிக்க முடியுமாண்ணா?

கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் இதைக் கேட்காதவர்களே இல்லை. அந்தத் துப்பாக்கியின் சைட் ஆடும், மூட்டு ஆடும், பேரலை எத்தனை பேர் பட்டென்று மூடியிருப்பார்களோ. ஆனால் தூரம் இரண்டு மூன்று மீட்டர்தான், ஒரே துப்பாக்கி ஏறக்குறைய ஒரே பக்கம்தான் தப்பும்.

முதல் குண்டைப் பலூனுக்கு வீணாக்காதீர்கள். பலகையில் வெறுமையாக இருக்கும் ஒரு கறையைக் குறிவைத்துச் சுடுங்கள். எவ்வளவு தள்ளி விழுந்தது என்று பார்த்து, அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளிப் பலூனைக் குறிவையுங்கள். துப்பாக்கியை மாற்றித் தந்தால் வாங்காதீர்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன வருடம் இப்படி ஒன்பது பலூன் உடைத்தேன். பத்தாவதற்குக் கடைக்காரர் வேறு துப்பாக்கியை நீட்டிவிட்டார்.